பதினேழுக்குக் கீழே

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு படிவத்தில் நான் போட்ட சைபர் ஒன்று இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி, நர்சுகள் வேலையில் கருகிப்போவது, அதாவது 'பர்ன் அவுட்', பற்றிய தன் ஆய்வுக்காக எங்கள் வார்டுக்கு வந்திருந்தாள். காலை டியூட்டி முடிந்து, அடுத்து வந்த சிஸ்டரிடம் மருந்துக் கணக்கை ஒப்படைத்துக்கொண்டிருந்த நேரம். "அஞ்சே நிமிஷம்தான் அக்கா, டிக் அடிச்சிட்டு சூப்பிரண்ட் ஆபீஸ்ல குடுத்துடுங்க" என்று இரண்டு தாளை மேசையில் வைத்தாள். 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை எண் போட வேண்டும். ஒருபோதும் இல்லை என்றால் 0, தினமும் என்றால் 6. வேலை முடியும்போது சக்தியெல்லாம் வடிந்துவிட்டதாக உணர்கிறீர்களா, காலையில் எழும்போதே அலுப்பாக இருக்கிறதா என்கிற மாதிரியான கேள்விகள். அதற்கெல்லாம் நல்ல எண்ணாகவே போட்டேன். அலுப்பைச் சொல்ல யாருக்கு வெட்கம்? ஐந்தாவது கேள்வியில் கை நின்றது. நோயாளிகளில் சிலரை மனிதராக இல்லாமல் ஏதோ ஒரு பொருள்போல நடத்துகிறோமோ என்று கேட்டிருந்தது. பேனாவை எடுத்து 0 என்று போட்டேன். போட்ட கையோடு திரும்பி, அடுத்த ஷிப்ட் சிஸ்டரிடம் சொன்னேன்: "பதினொண்ணுக்கு டிரிப் மாத்தணும், இருபத்திரெண்டு ஸ்கேனுக்குப் போயிருக்கு, ஒம்போதுக்குக் கீழ இன்னும் யூரின் போகல."

போயிருக்கு. போகல. எங்கள் வார்டில் ஆட்களுக்குப் பேர் கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. கேஸ் ஷீட்டில் பேர் இருக்கும், வயது இருக்கும், கணவர் பேர், ஊர், தாலுகா எல்லாம் இருக்கும். வாயில் வருவது எண் மட்டும்தான். கட்டிலில் இருப்பவர்களுக்கு ஒரு எண், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களுக்கு அந்தக் கட்டிலின் எண்ணோடு ஒரு 'கீழே'. இதிலெல்லாம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, ஒரே வார்டில் மூன்று தனலட்சுமி இருந்தால் மருந்து மாறிப்போகும் என்பதுதான் காரணம் என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது பொய்யும் இல்லை. ஆனாலும் அந்த சைபர் பொய்தான். ஏன் பொய் என்று எனக்குத் தெரியும். அந்தப் படிவம் வருவதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு நைட் டியூட்டி நடந்திருந்தது.

அந்த இரவு

பெண்கள் மெடிக்கல் வார்டு. கட்டில்கள் 40, அன்று இரவு ஆட்கள் 62. வழக்கமாக நைட்டுக்கு இரண்டு பேர் இருப்போம். அன்று ஐ.சி.யூ.வில் ஆள் குறைகிறது என்று கூட இருந்த சிஸ்டரை அங்கே அனுப்பிவிட்டார்கள். நான் ஒருத்தி, ஒரு ஒர்க்கர் அக்கா, கூப்பிட்டால் வருகிற பி.ஜி., அதாவது மேற்படிப்பு படிக்கிற டாக்டர் ஒருவர். அவர் கேஷுவாலிட்டிக்கும் எங்கள் வார்டுக்கும் ஆண்கள் வார்டுக்கும் சேர்த்து ஓடிக்கொண்டிருந்தார். முந்தின நாள் காலையிலிருந்து டியூட்டியில் இருப்பவர். கேஸ் ஷீட் எழுதிக்கொண்டே ஒரு கணம் கண் மூடி, பேனா தாளில் கோடு இழுத்துக்கொண்டே போனதை நான் பார்த்தேன். பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டேன். அப்படி இருப்பது எங்களுக்குள் ஒரு மரியாதை.

மூன்றாம் கட்டிலில் பூச்சிமருந்து குடித்த பெண். பத்தொன்பது வயது. தீவிர சிகிச்சைப் பிரிவான ஐ.எம்.சி.யூ.வில் இடம் இல்லை என்று வார்டில் வைத்திருந்தோம். பூச்சிமருந்து கேஸ் தெரிந்தவர்களுக்கு அது என்ன வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. விஷத்தை முறிக்கிற அட்ரோபின் ஓடிக்கொண்டிருக்கும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கண் பாவை விரிகிறதா, வாயில் எச்சில் ஊறுவது நின்றதா, நெஞ்சில் சளி சத்தம் குறைந்ததா, நாடி எவ்வளவு என்று பார்த்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். குறைந்தால் மூச்சு போய்விடும். கூடினால் பிதற்றுவாள், டிரிப்பைப் பிடுங்குவாள். அவள் இரண்டு தடவை கையில் குத்தியிருந்த வென்ஃப்ளான் ஊசியைப் பிடுங்கிவிட்டாள். அவள் அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தார்.

பதினேழாம் கட்டிலில் ஒரு பாட்டி. இதயம் வீங்கிப்போன கேஸ். படுத்தால் மூச்சு முட்டும். அதனால் இரவு முழுக்க தலையணைகளை மடியில் அடுக்கி அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பார். மூன்றாம் கட்டிலை விட்டால் வார்டில் தூங்காமல் இருந்தது நானும் அவரும்தான். நீரை வெளியேற்றுகிற லேசிக்ஸ் மருந்து போட்டிருந்ததால் அடிக்கடி சிறுநீர் வரும். பத்து மணியிலிருந்து நாலைந்து தடவை பெட் பேனுக்காகக் கூப்பிட்டிருந்தார். "ஏ தாயி" என்று மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு குரல் வரும், ஒர்க்கர் அக்கா போவார். மூன்று மணிக்கு மேல் அக்கா ரத்த பாட்டில் வாங்க பிளட் பேங்குக்குப் போய்விட்டார். மூன்றே காலுக்கு "ஏ தாயி" என்று குரல் வந்தது. நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மறுபடி நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். "இருங்க பாட்டி, அக்கா வந்துடுவாங்க" என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி. "அதுக்கில்ல தாயி, இங்க..." என்று ஏதோ சொன்னார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினேன். "ஒருத்தி எத்தனை பேரத்தான் பாக்கறது? கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டீங்களா?" வார்டில் நாலைந்து தலைகள் எழுந்து பார்த்தன. பாட்டி அதன்பிறகு பேசவில்லை.

நாலு மணி தாண்டி, காலை ரத்தம் எடுக்க ட்யூப்களோடு கிளம்பினேன். பதினேழாம் கட்டிலுக்குக் கீழே பாயில் இருந்த பெண்ணுக்கு முதல்நாள் ராத்திரி ஏழரைக்கு இன்சுலின் போட்டது நான்தான். போட்ட பிறகு அவள் சாப்பிட்டாளா என்று கேட்கவில்லை. சாப்பிட்டு வாந்தி எடுத்துவிட்டாள் என்பதும், மறுபடி சாப்பாடு வாங்கப் போன கணவரை இரவு நேரம் ஆகிவிட்டது, பெண்கள் வார்டு என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள் என்பதும் விடிந்த பிறகு தெரிந்த சங்கதி. புடவை முழுக்க வியர்வையில் நனைந்து, கூப்பிட்டால் குழறலாக ஏதோ சொல்கிறாள். சுகர் பார்த்தேன். 38. அதற்கப்புறம் கை தானாக வேலை செய்தது. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் நரம்பில் ஏறியது. பி.ஜி. ஓடி வந்தார். ஏழெட்டு நிமிடத்தில் கண் திறந்து "என்னங்க ஆச்சு" என்றாள்.

அந்தத் தருணத்தில்தான் பாட்டியின் குரல் தலைக்கு மேலிருந்து வந்தது. கோபம் ஒன்றும் இல்லை. ஏதோ பக்கத்து வீட்டுச் செய்தி சொல்வதுபோல, "அதத்தான் தாயி சொல்லிக்கிட்டே இருந்தேன். தண்ணியா ஊத்துது அந்தப் புள்ளைக்கு, என்னமோ ஒளருதுன்னு." நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "சரி போ, அந்த மூணாம் நம்பர் புள்ளயப் பாரு, பாவம்" என்றார். பாட்டிக்கும் எண் பழகியிருந்தது.

ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதினேன். 4.10, சி.பி.ஜி. 38, டெக்ஸ்ட்ரோஸ் கொடுக்கப்பட்டது, டியூட்டி மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது, நோயாளி சுயநினைவோடு இருக்கிறார். எழுதிய வரைக்கும் ஒவ்வொரு எழுத்தும் உண்மை. 3.15-க்கும் 4.10-க்கும் நடுவில் இருந்த 55 நிமிடத்துக்கு அந்தப் புத்தகத்தில் இடம் கிடையாது. காலையில் இன்சார்ஜ் சிஸ்டர் படித்துவிட்டு "நல்லவேளை, கரெக்டா கண்டுபிடிச்சே" என்றார்.

காது முதலில் மூடும்

இந்தத் தொழிலில் கருகிப்போவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் களைப்பிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். களைப்பு எனக்குப் புதிதில்லை. டெல்டா கிராமத்தில் நடவு வயலுக்குப் போன அம்மாவின் மகள் நான். களைத்தால் தூங்கலாம், தூங்கினால் போய்விடும். அன்று நடந்தது வேறு. பாட்டியின் குரல் என் காதில் விழுந்தது. அது என்ன சொல்கிறது என்பது விழவில்லை. கேட்பதற்கு முன்பே 'பெட் பேன்' என்று முடிவு கட்டிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அப்படிக் கேட்காமல் இருப்பதில்தான் நான் பத்து வருடமாகத் தேர்ச்சி பெற்றிருக்கிறேன். 62 பேர் கூப்பிடுகிற எல்லாவற்றையும் உள்ளே விட்டால் ஒரு வாரம்கூடத் தாங்காது. அதனால் காது தன்னாலேயே ஒரு கதவு போட்டுக்கொள்கிறது. அந்தக் கதவுதான் என்னை இத்தனை நாள் வேலையில் வைத்திருக்கிறது. அன்றைக்கு ஒரு பெண்ணை 55 நிமிடம் வெளியே நிறுத்தியதும் அதே கதவுதான்.

அந்தப் படிவம் எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். 1974-இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற நியூயார்க் மனநல நிபுணர், ஏழைகளுக்கான இலவச கிளினிக்கில் ஆசையோடு வந்து வேலை செய்தவர்கள் சில மாதங்களில் எரிச்சலும் வெறுப்புமாக மாறுவதைப் பார்த்து எழுதினார். அவரும் அங்கே வேலை பார்த்துக் கருகியவர்களில் ஒருவர். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அந்த 22 கேள்விகளை உருவாக்கினார்கள். களைப்பு ஒரு பக்கம், எதிரே இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் போவது ஒரு பக்கம், நாம் செய்கிற வேலைக்கு அர்த்தம் இல்லை என்று தோன்றுவது இன்னொரு பக்கம் என்று மூன்றாகப் பிரித்து அளக்கிறது அது. 2019-இல் உலக சுகாதார நிறுவனமும் கிட்டத்தட்ட இந்த மூன்றையே வைத்து விளக்கம் சொன்னது. இது நோயல்ல, வேலையிடத்தில் உண்டாகிற நிலை என்றும் சொன்னது. சரிதான். ஆனால் அந்த 22 கேள்வியும் என்னைப் பற்றியவை. நான் எப்படி உணர்கிறேன், நான் எப்படி நடத்துகிறேன். நேற்று ராத்திரி உன் பொறுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒரு கேள்விகூட அதில் இல்லை. மாஸ்லாக் அம்மையாரே பின்னாளில் மைக்கேல் லைட்டரோடு சேர்ந்து, கோளாறு ஆளிடம் இல்லை, வேலையிடத்தில் இருக்கிறது, சுமை, நியாயம், அங்கீகாரம் இதையெல்லாம் பாருங்கள் என்று எழுதினார். எங்கள் ஊருக்குப் படிவம் வந்து சேர்ந்துவிட்டது. அவர் பின்னால் சொன்னது வந்து சேரவில்லை.

மூன்றுக்கு ஒருவர்

இந்திய நர்சிங் கவுன்சில் சொல்கிற கணக்கு எல்லா நர்சுக்கும் மனப்பாடம். பரீட்சைக்குக் கேட்பார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர், ஐ.சி.யூ.வில் ஒருவருக்கு ஒருவர். இரண்டு மார்க் கேள்வி. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிக்கொண்டு வந்து 62 பேருக்கு ஒருத்தியாக நிற்கிறோம். லிண்டா ஐக்கனும் அவர் குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை வைத்துச் செய்த ஆய்வு 2002-இல் வந்தது. ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடும்போது, அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கிற வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது, நர்ஸ் கருகிப்போகிற வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது என்பது அதன் முடிவு. அவர்கள் ஒப்பிட்டது நாலு நோயாளிக்கும் எட்டு நோயாளிக்கும் நடுவில். எட்டைத்தான் கொடுமை என்கிறார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அதில் ஒன்று பிடித்திருந்தது. சாவதும் கருகுவதும் ஒரே கணக்கில் இருக்கின்றன. பாயில் வியர்த்துக்கிடந்தவளும் அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்த நானும் ஒரே எண்ணின் இரண்டு பக்கம்.

சுமையைவிட அதிகமாகக் கசந்தது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2015-இல் அரசு மருத்துவப் பணிக்கு ஆள் எடுக்கிற எம்.ஆர்.பி. தேர்வு எழுதி வந்தவள் நான். அப்போது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் நிரந்தரம் ஆகிவிடும் என்றார்கள். என் பக்கத்தில் அதே ஊசியைப் போடுகிற காலமுறை ஊதிய சிஸ்டர் என்னைப்போலப் பல மடங்கு வாங்குவார். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை, நல்ல மனுஷி, எனக்குப் பலநாள் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர். 2017 நவம்பரில் நிரந்தரம் கேட்டு, சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தோம். அந்தத் தரையில் முன்பின் தெரியாத நர்சுகளோடு தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில் எனக்குக் களைப்பே தெரியவில்லை. இதை யாராவது ஆராய்ச்சி செய்தால் தேவலை. போராட்டம் முடிந்து வார்டுக்கு வந்த முதல்நாளே முதுகு வலிக்க ஆரம்பித்துவிட்டது.

டாக்டர்கள் கதையும் கிட்டத்தட்ட இதுதான். பேனாவோடு தூங்கிய அந்த பி.ஜி. போன்றவர்களுக்கு ஒரு நாளில் 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது என்று மத்திய அரசின் உத்தரவு 1992-இலேயே வந்துவிட்டது. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஒருநாள் விடுப்பு கொடுங்கள் என்று பரிந்துரை செய்தது. முப்பது வருடத்தில் சிபாரிசே 26 மணி நேரம் கூடியிருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொல்கத்தாவில் நீண்ட டியூட்டிக்கு நடுவில் செமினார் ஹாலில் கண்ணயர்ந்த பெண் மருத்துவருக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். அவர் தூங்குவதற்கு ஒரு அறை இல்லை என்பதை அதன்பிறகு கொஞ்ச நாள் பேசினார்கள். எங்கள் வார்டிலும் நர்சுகளுக்கு ஓய்வறை கிடையாது. ஸ்டோர் ரூமில் ஆக்சிஜன் சிலிண்டருக்கும் லினன் மூட்டைக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் இருக்கிறது.

ஆய்வு முடிந்த பிறகு எங்களுக்கு மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி என்று ஒன்று நடத்தினார்கள். ஆடிட்டோரியத்தில், காலை ஒன்பது மணிக்கு. நைட் முடித்தவர்களும் கட்டாயம் இருக்க வேண்டும், கையெழுத்து உண்டு. கண்ணை மூடி மூச்சை கவனிக்கச் சொன்னார்கள். நான் மூடிய கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த சிஸ்டரின் குறட்டையில்தான் முழித்தேன். சொல்லிக்கொடுத்தவர் பாவம், நல்ல மனிதர். அவரிடம் சண்டை போட ஒன்றுமில்லை. மூச்சுப்பயிற்சி கெட்டது என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அன்று ஆடிட்டோரியத்தில் நாங்கள் அறுபது பேர் உட்கார்ந்து மூச்சை கவனித்துக்கொண்டிருந்த இரண்டு மணி நேரமும் வார்டுகளில் பயிற்சி மாணவிகள்தான் இருந்தார்கள்.

அந்த எம்.எஸ்சி. பெண்ணை அங்கேதான் மறுபடி பார்த்தேன். என் படிவத்தில் ஒரு எண்ணை மாற்ற வேண்டும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "பேர் எழுத வேண்டாம்னு சொன்னேனே அக்கா, எது உங்களுதுன்னு எனக்கே தெரியாது" என்றாள். எந்தக் கேள்வி என்று கேட்டாள். ஐந்தாவது என்றேன். சிரித்துவிட்டாள். "அத யாரும் சரியா புரிஞ்சுக்கல போலக்கா. உங்க பிளாக்ல எல்லாருமே சைபர்தான் போட்டிருக்காங்க. மொழிபெயர்ப்பு தப்போன்னு எங்க கைடு மேடம் கேட்டாங்க." மொழிபெயர்ப்பு சரியாகத்தான் இருந்தது என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. நிரப்பிய தாளை சூப்பிரண்ட் ஆபீசில் கொடுக்கச் சொன்னாயே, அங்கே யார் சைபர் போடாமல் இருப்பார்கள் என்றாவது கேட்டிருக்கலாம்.

முருங்கைக்கீரை

போன வாரம் ரிவ்யூவுக்கு வந்த ஒரு பெண் ஓ.பி. சீட்டோடு வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் உள்ளே நுழையும்போது "சிஸ்டர், என்ன தெரியுதா?" என்றாள். தெரியவில்லை. பிறகு அவளே சொன்னாள். "சுகர் எறங்கிப் போயி காப்பாத்துனீங்களே." ஒரு மஞ்சள் பையை நீட்டினாள். வீட்டு மரத்து முருங்கைக்கீரை, ஈரத்துணியில் சுற்றியிருந்தது. "நீங்க பாக்கலேன்னா அன்னைக்கே போயிருப்பேன்னு டாக்டர் சொன்னாரு." பாட்டி கூப்பிட்டதை அவளுக்குச் சொல்லலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்தப் பாட்டி எந்த ஊர், இப்போது எப்படி இருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியாது. மூன்றாம் கட்டில் பெண் பிழைத்து வீட்டுக்குப் போனது தெரியும். பாட்டி இரண்டு நாளில் வேறு யூனிட்டுக்கு மாறிப்போனார், அவ்வளவுதான். உள்ளே டிரிப் முடிந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். நான் பையை வாங்கிக்கொண்டேன். "நல்லா சாப்பிடணும், இன்சுலின் போட்டா அரைமணி நேரத்துல சாப்பிட்டுடணும்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மகள் ஸ்கூலிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து காம்பைக் கிள்ள ஆரம்பித்தாள். யார் கொடுத்தது என்று கேட்டாள். ஒரு பேஷன்ட் என்றேன். "பேரென்ன?"

ஓ.பி. சீட்டு என் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. அதில் பேர் இருந்திருக்கும். ஏழரைக்குப் போட்ட இன்சுலின் எத்தனை யூனிட் என்பது நினைவிருந்தது. நாலு பத்துக்கு 38 என்பது நினைவிருந்தது.

"பதினேழுக்குக் கீழே" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.